புதன்கிழமை விரதம்

பதினொன்றரைக்கு அருள்தாஸ் பழைய டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்த சத்தம் கேட்டதுமே வேணிக்கு அடிவயிற்றில் குபுக்கென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது, அது நெஞ்சுக்கு ஏறி வருவதற்குள் பாதி பயமாகிவிட்டது. புதன்கிழமை. இந்த ஆடிட்டர் ஆபீஸில் புதன்கிழமை என்றால் பிரியாணி, அதில் மாற்றமே கிடையாது, திண்டுக்கல்லில் இருந்துகொண்டு வாரத்தில் ஒரு நாளாவது பிரியாணி சாப்பிடாதவன் ஊர்க்காரனே இல்லை என்பது அருள்தாஸின் கட்சி. மேசை மேசையாக வருவான், யாருக்கு மட்டன், யாருக்குச் சிக்கன், யாருக்கு எக்ஸ்ட்ரா தால்சா என்று எழுதுவான், காசை வாங்கிச் சட்டைப்பையில் திணிப்பான், வண்டியை எடுத்துக்கொண்டு போனால் ஒரு மணிக்குள் அந்த வாசனை அவனுக்கு முன்னால் படியேறி வந்துவிடும். ஆறு மேசை. வேணியின் மேசை ஐந்தாவது. நாலு மேசைக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், பத்து நிமிஷத்துக்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். எனக்கு ஒரு மட்டன், அவ்வளவுதானே, மூணு வார்த்தை, இதுக்குப் போய் உள்ளங்கை இப்படி வேர்க்கிறதே! வேர்க்காமல் என்ன செய்யும்? இரண்டரை வருஷத்துக்கு மேலாக இந்த ஆபீஸே அவளைக் கறியைக் கையால் தொடாத முருக பக்தை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. மட்டன் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன் என்று பழனியில் வைத்து அந்த முருகனிடமே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முன்னால் ஒரு ஜிஎஸ்டி பைல் திறந்து கிடந்தது. அதில் ஒரே வரியை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மடியில் இருந்த போனை மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து எத்தனாவது தடவை என்று மட்டும் கேட்கக் கூடாது. பேங்கிலிருந்து வந்த மெசேஜ் அப்படியே இருந்தது, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. பாக்கி 0.00. சைபர் சரி, புள்ளிக்கு அப்புறம் எதற்கு இன்னும் ரெண்டு சைபர், அதற்குள் பைசா கிய்சா ஏதாவது ஒளிந்துகொண்டிருக்குமோ? போன மாசமும் இப்படித்தான் முடிந்துபோச்சு என்று குதித்தாள், வீட்டில் ரவா கேசரிகூடக் கிண்டினாள், ரெண்டே வாரத்தில் முன்னூற்று எண்பத்து நாலு ரூபாய் வால் மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. கடைசி மாச வட்டியாம், கட்டின நாள் வரைக்கும் கணக்குப் போட்டார்களாம். நேற்று அதையும் கட்டி, இன்று காலை பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, பாக்கி இல்லியே, நெஜமாவே இல்லியே, ஒத்தப் பைசா இல்லியே என்று மூணு விதமாகக் கேட்டு, அப்படியே கிரெடிட் கார்டையும் மூடிருங்க தம்பி என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை பதறிப்போய், மேடம் உங்க லிமிட்ட ரெண்டு லட்சமா ஏத்தித் தர்றோம் மேடம் என்றது. நல்லா இருப்பா, மகராசனா இரு, லிமிட்டு உங்கிட்டயே இருக்கட்டும். எல்லாம் ஒரு ட்ராலி பேக்கால் வந்த வினை. சூப்பர் மார்க்கெட் வாசலில் குடை போட்டு நின்ற ஒரு பெண், கார்டு வாங்கினால் சக்கரம் வைத்த பெட்டி இலவசம் என்றாள், சக்கரம் வேறு நாலு பக்கமும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. எங்கேயும் போகாத குடும்பத்துக்கு எதற்குடி சக்கரம் வைத்த பெட்டி? அன்றைக்குத் தோன்றவில்லை. பெட்டி வந்துவிட்டது, எங்கேயாவது போயாக வேண்டுமே என்று ஊட்டிக்குப் போனார்கள், கார்டைத் தேய்த்து. அங்கே போனால் குளிருதே என்று ஸ்வெட்டர், தேய்த்து. அப்புறம் வாஷிங் மெஷின், மகள் மது ஏழாவது போகிறாளே என்று மேசை நாற்காலி, நாத்தனார் வீட்டுப் பால் காய்ச்சுக்கு மிக்ஸி, தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாசா மாசம் மினிமம் டியூ என்று ஒரு தொகை போட்டு வரும், அதைத்தான் தவணை என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் பிசகாமல் பெருமையாகக் கட்டினாள். பதினோரு மாசம்! அதுவும் ஊரார் வரவு செலவையெல்லாம் புரட்டிப் பார்க்கிற ஆபீஸில் பதினாறு வருஷ சர்வீஸ்! ஒரு நாள் பாத்திரக் கடைக்காரர் ஒருவரின் பைலில் கார்டு வட்டி மட்டும் எழுபதாயிரம் இருப்பதைப் பார்த்து, இந்த ஆளுக்குக் கூறு இருக்கா பாருங்க என்று எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாள். சிரித்த வாய் மூடவில்லை, எதற்கும் நம்முடையதையும் பார்ப்போமே என்று தன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தாள். தொண்ணூற்றாறாயிரம். பதினோரு மாசம் கட்டினதில் முக்கால்வாசி வட்டிக்கே போயிருந்தது.

"ஷர்மி, உனக்கு என்ன?" முதல் மேசையில் அருள்தாஸ்.

"சிக்கன்ணே. லெக் பீஸா கேட்டு வாங்கு. போன வாரம் வெறும் கழுத்தா வந்துச்சு." ஷர்மிளா பானு ஆபீஸிலேயே சின்னவள், சிஏ இன்டர் எழுதுகிறவள், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"கழுத்து கெடைக்கவே குடுத்து வெச்சிருக்கணும் தாயி."

"அந்தக் குடுப்பினைய நீயே வெச்சுக்க."

ஒரு மேசை முடிந்தது. இன்னும் மூணு. வேணி பேனாவை மூடினாள், திறந்தாள். குருநாதனிடம் அந்தத் தொண்ணூற்றாறாயிரத்தைச் சொன்ன சாயங்காலம் ஞாபகம் வந்தது, இத்தனைக்கும் நடுவில் அதை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சிரிப்பு வரும். புருஷன் எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறவன், கத்தப் போகிறான் என்று அவள் சுவரோரம் நின்றுகொண்டு சொன்னாள், அவன் காதைக் குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, சரி விடு, உள்ள எங்கயோ ஒயர் எரிஞ்சிருச்சு, மொதல்ல மெயின ஆப் பண்ணு, அப்புறம் ஒவ்வொண்ணா பாப்போம் என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு. மெயினை ஆப் பண்ணினார்கள். கார்டு அந்த ட்ராலி பேக்குக்குள்ளேயே போனது, பேக் பரண் மேல் ஏறியது. இவள் சம்பளம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு, அவன் சம்பளம் பதினைந்து, வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ், மாமியாருக்கு மாத்திரை எல்லாம் போகட்டும், ஆனால் சம்பளம் வந்த அன்றைக்கே ஐயாயிரத்து நூறு கார்டுக்குப் போய்விட வேண்டும், அப்புறம்தான் அரிசி. ரெண்டாவது பாக்கெட் பாலை நிறுத்தினார்கள். கேபிளை நிறுத்தினார்கள். குருநாதன் ஞாயிற்றுக்கிழமை சினிமாவை நிறுத்திவிட்டு, பார்க்காத படத்தின் கதையைத் தானே இட்டுக்கட்டி மதுவுக்குச் சொன்னான், அதில் எல்லாப் படத்திலும் கதாநாயகன் எலெக்ட்ரீஷியன். சாம்பார் வாரத்தில் ரெண்டு நாள், மற்ற நாளெல்லாம் ரசம், ரசத்திலேயே ஒன்பது வகை கண்டுபிடித்தாள், எட்டாவது வகையைத் தின்ன முடியாது, அது வேறு விஷயம். இப்படிப் பிடித்துக்கொண்டே வந்தபோதுதான் புதன்கிழமை பிரியாணி இடித்தது. அப்போது ஒரு பொட்டலம் நூற்றைம்பது, மாசத்துக்கு அறுநூறு, ஐந்து புதன் வந்தால் எழுநூற்றைம்பது. அந்த வாரம் அருள்தாஸ் தாளோடு வந்து நின்றபோது, எனக்கு வேணாம்ப்பா என்றாள். ஏன்க்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா என்றான். காசு இல்லை என்கிற ரெண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது, அங்கே என்னத்தைக் கண்டதோ திரும்பிப் போய்விட்டது, அதற்குப் பதிலாக வாய் சொன்னது, பழனிக்கு வேண்டியிருக்கேன், கவிச்சி தொடுறதில்ல. என்ன வேண்டுதல் என்று கேட்டான். அதையெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது என்றாள். எவ்வளவு வசதியான பொய் பாருங்கள், கேள்வியே கேட்க முடியாது.

ஒரு மாசத்துக்கு ஓட்டிவிட்டு விரதம் முடிந்தது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பக்தி என்பது ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் லேசில் போகிற கறை இல்லை. ஆயுத பூஜைக்கு ஆடிட்டர் அவளைக் கூப்பிட்டு, நீங்கதாம்மா குத்துவிளக்கு ஏத்தணும் என்றார். ஷர்மிளா பரீட்சைக்குப் போகும்போது, அக்கா, எனக்கும் சேத்து உங்க சாமிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க என்றாள், பாஸும் பண்ணித் தொலைத்தாள், அதோடு கேட்க வேண்டுமா! கிளையன்ட்டுகள்கூட வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை முதலில் அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். பழனிக்குப் போறப்ப உண்டியல்ல போட்டுருங்க என்று பதினொன்றும் இருபத்தொன்றுமாகக் காசு சேர்ந்தது. ரசத்துக்கு மிளகு வாங்கக் காசு எண்ணுகிற வீட்டில், அலமாரிக்குள் ஒரு சுருக்குப்பையில் முன்னூற்று நாற்பது ரூபாய் சாமி காசு, தொட்டால் கை அழுகிவிடும் என்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் அதைப் போடுவதற்கென்றே பஸ்ஸுக்கு நூறு ரூபாய் செலவழித்துப் பழனிக்குப் போனாள். பொய்க்கு நூறு ரூபாய் தண்டம்! மலை மேல் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றபோது, ஆண்டவன் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. முருகா, உன் பேரைச் சொல்லி ஊரை ஏமாத்திக்கிட்டு இருக்கேன், தப்புதான், கன்னத்துல போட்டுக்கறேன், கடன் முடியட்டும், முடிஞ்ச அன்னிக்கே எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிர்றேன், அதுவரைக்கும் கொஞ்சம் சும்மா இரு. இப்படித்தான் இல்லாத வேண்டுதலுக்குப் போய் உள்ளபடியே ஒரு வேண்டுதலில் மாட்டிக்கொண்டு வந்தாள். அதற்கும் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் சைபர் எப்போது வரும் என்று ஏங்கினாள், இன்னொரு பக்கம் வந்தால் சொல்ல வேண்டுமே என்று பயந்தாள்.

அருள்தாஸ் மூணாவது மேசைக்கு வந்துவிட்டான். வாசனைக்கு எல்லை கிடையாது என்பதுதான் இந்த ரெண்டரை வருஷத்தில் அவள் படித்த பாடம். எல்லோரும் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவள் தயிர்சாதத்தைக் குனிந்து சாப்பிடுவாள், மூச்சை மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்துக்கொள்வாள், அதற்கு யாரும் காசு கேட்க முடியாதே. வீட்டில் ஒன்றும் பட்டினி இல்லை, மாசத்தில் ஒரு ஞாயிறு அரைக் கிலோ கோழி எடுப்பார்கள், குருநாதன்தான் போய் வாங்கி வருவான், இவள் கறிக்கடைப் பக்கம் தலை காட்டினால் யாராவது பார்த்துத் தொலைப்பார்களே. ஒரு ஞாயிறு குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில், அக்கா என்று சத்தம். அருள்தாஸ், கையில் கல்யாணப் பத்திரிகை! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, நாலு ஊதுவத்தியை ஒன்றாகப் பற்ற வைத்துச் சமையல்கட்டு வாசலில் செருகினாள், மது கதவைச் சாத்தினாள், குருநாதன் வாசலில் போய் நின்றுகொண்டு, பக்கத்து வீட்ல ஞாயித்துக்கெழம ஆனா இதே ரோதனப்பா, நாங்க எப்படித்தான் இருக்கறதோ என்றான். பாவி மனுஷன், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அருள்தாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிதாபப்பட்டுவிட்டுப் போனான். அவன் தெரு முனை திரும்பினதும் மூணு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்ததில் குழம்பு அடிபிடித்துவிட்டது. அந்தத் தீய்ந்த குழம்பையும் வழித்துத் தின்றார்கள்.

அதெல்லாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்று எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தது. தண்டாயுதம் சார். மேனேஜர், ஐம்பத்தேழு வயது, ஆடிட்டருக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார். நெற்றி நிறையத் திருநீறு பூசினாலும் புதன்கிழமை வந்தால் அருள்தாஸுக்கு முன்னால் அவர்தான் கடிகாரத்தைப் பார்ப்பார், பிரியாணியை அவர் சாப்பிடுகிற அழகைப் பார்த்தாலே மற்றவர்களுக்குப் பசிக்கும். அப்படிப்பட்ட மனுஷர் பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, எனக்கும் இனிமே வேணாம் அருள், வேணிம்மாவப் பாத்துப் பாத்து எனக்கும் மனசு அந்தப் பக்கம் திரும்பிருச்சு என்றார். ஆபீஸே கை தட்டியது. வேணி மட்டும் அன்றைக்குத் தயிர்சாதத்தைப் பாதியிலேயே மூடி வைத்தாள். ஐயோ சார், வேணாம் சார், என்னைப் பார்த்தா சார்? அதோடு விட்டாரா? வண்டியில் வருவதை நிறுத்திவிட்டு நடந்து வந்தார், விரதத்துக்கு நடை நல்லதாம். ரெண்டு வேளை டீயை நிறுத்தினார். தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுக்கவில்லை, ஆசையை அடக்க வேண்டுமாம். ஒவ்வொன்றாக அவர் விட விட, இவளுக்குத் தலையில் ஒவ்வொரு செங்கலாக ஏறியது. ஒரு மனுஷனுடைய ஆசைக் கறியைத் தன் வாய்ப்பொய்யால் பிடுங்கிவிட்டோமே என்கிற நினைப்பு அவளை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஷர்மிளா சிரித்துவிடுவாள், அருள்தாஸ் ஒரு மாசம் கேலி பண்ணுவான், ஊர் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் இவர்? ஏம்மா, நான் உன்னை நம்பித்தானே எல்லாத்தையும் விட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? பதினாறு வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாத மனுஷர். பயம் முழுக்க அவர் ஒருத்தர் மேல்தான் இருந்தது.

பயத்தை மறக்க அந்த ஐயாயிரத்து நூறை மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். வருகிற ஒன்றாம் தேதி அந்தப் பணம் கையிலேயே இருக்கும், யார் கேட்க முடியும்? ரெண்டாவது பாக்கெட் பால், அது ஆயிற்று. மதுவுக்குக் கணக்கு ட்யூஷன், பத்தாவது வந்துவிட்டாள், ட்யூஷன் வைக்காமல் எப்படி. குருநாதனுக்கு நல்ல செருப்பு ஒன்று. போஸ்ட் ஆபீஸில் மாசம் ரெண்டாயிரம் ஆர்டி. அப்புறம் ஒரு பட்டுப்புடவை, சே, சும்மா இருடி, பருத்திப் புடவை. கூட்டிப் பார்த்தால் ஏழாயிரத்து எண்ணூறு வந்தது. முதல் மாசமே பற்றாக்குறை! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, குனிந்து ஜிஎஸ்டி பைலைப் பார்த்துச் சிரித்தாள். சரி, புடவை வேண்டாம், செருப்பு தீபாவளிக்கு. கையில் இருப்பதை வைத்துத்தான் இனிமேல் ஆசையே படுவது, ஆனால் படாமல் இருப்பதில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அருள்தாஸ் அவளுடைய மேசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

நிற்கவே இல்லை. ஏன் நிற்பான், நூற்று முப்பத்து நாலு புதன்கிழமை நின்றதில்லையே! "வேணியக்காவுக்குத் தயிர்சாதம், சாருக்கும் தயிர்சாதம், முருகா முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே வாசலுக்குப் போனான். அருள் என்று கூப்பிட்டாள், காற்றுதான் வந்தது. சாவியை எடுத்தான். போகட்டும், அடுத்த வாரம் சொல்லிக்கலாம், ஒரு வாரத்தில் என்ன கெட்டுப் போகிறது என்று ஒரு மனசு சொன்னது, அந்த மனசை அவளுக்கு நன்றாகத் தெரியும், பதினோரு மாசம் மினிமம் டியூ கட்டச் சொன்ன அதே மனசு. ஹெல்மெட்டை மாட்டினான்.

"டேய் அருள்தாஸ், நில்லுடா!"

ஆறு மேசையும் நிமிர்ந்தது. பதினாறு வருஷத்தில் அவள் யாரையும் டா போட்டதில்லை.

"என்னக்கா?" என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "பூ கீ வாங்கிட்டு வரணுமா?"

"எனக்கு ஒரு மட்டன்."

"யாருக்குக்கா பார்சலு?"

"எனக்குத்தான்டா. நான் திங்கறதுக்கு."

ஷர்மிளா துள்ளி எழுந்தாள். "அக்கா! விரதம் முடிஞ்சிருச்சா? நீங்க வேண்டினது நடந்துருச்சாக்கா?"

எவ்வளவு அழகான கதவு! திறந்தே வைத்துவிட்டாள் இந்தப் பிள்ளை. ஆமா ஷர்மி, நடந்துருச்சு என்று சொன்னால் தீர்ந்தது, அது பொய்கூட இல்லை, பாதி உண்மை, எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், மட்டனும் வரும், மானமும் போகாது. வேணியின் வாய் ஆமா என்று திறந்தே விட்டது. அப்போது எதிரே தண்டாயுதம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் நடந்துருச்சு என்று சொன்னால் அந்த மனுஷர் இன்னும் பக்தி ஏறிப்போய் ஆயுசுக்கும் கறி தொட மாட்டார்.

"விரதமே இல்ல ஷர்மி," என்றாள். "கிரெடிட் கார்டுல கடன். தொண்ணூத்தாறாயிரம். வாரா வாரம் நூத்தம்பது ரூவா குடுக்க முடியல, அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாயில முருகன் வந்துட்டாரு. இத்தன நாளும் உங்க முன்னாடி தயிர்சாதம் தின்னுட்டு வீட்ல கோழி தின்னேன். இன்னிக்குக் காலைலதான் எல்லாம் முடிஞ்சுது. சைபர்." சொல்லச் சொல்லக் குரல் உடையும் என்று நினைத்தாள், உடையவில்லை, என்னமோ ஏலக்கடைக்காரன் மாதிரி கணீரென்று வந்தது. "எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க."

அருள்தாஸ் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். "அப்ப அன்னிக்கு, பத்திரிக வெக்க வந்தப்ப, பக்கத்து வீட்ல..."

"எங்க வீடுதான்."

"நெனச்சேன்! அப்பவே நெனச்சேன்! மொளகு வாசன உங்க வீட்டுச் சன்னல் வழியாத்தான வந்துச்சு!" என்று கத்தினான். ஷர்மிளா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் பொத்த முடியாமல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, "அப்ப எனக்காக நீங்க வேண்டிக்கவே இல்லியாக்கா?" என்றாள். வேண்டிக்கிட்டேன்டி, அதுல பொய் இல்ல என்று வேணி சொன்னதற்கு ஏனோ எல்லோரும் ஒரு தடவை சேர்ந்து சிரித்தார்கள். "வாரா வாரம் எங்க நடுவுல ஒக்காந்து இந்த வாசனையத் தாங்குனீங்க பாருங்க," என்றான் அருள்தாஸ், "முருகனே எறங்கி வந்திருந்தாலும் மூணாவது வாரம் லெக் பீஸ் கேட்டிருப்பாரு." காசை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஓடினான். வேணிக்கு உடம்பே லேசாகி, நாற்காலியை விட்டுக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அப்போதுதான் கவனித்தாள், தண்டாயுதம் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, முப்பத்தொரு மாசத்தையும் அதில் போட்டு அடைத்துவிடலாம். அவர் திரும்பி வந்தார், பைலைத் திறந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. கோபம்தான். இல்லாமல் இருக்குமா? அவள் ஒரு பக்கம் திருப்பினாள், மறுபடி முந்தின பக்கத்துக்கு வந்தாள். பிரியாணி வந்தது. மற்ற நாலு பேரும் ஷர்மிளாவின் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு தயிர் வெங்காயத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். வேணி தன் பொட்டலத்தைப் பிரித்தாள், ஆவி முகத்தில் அடித்தது, சீரகச் சம்பா ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, கறி அதன் மேல் மெத்தென்று. கை போகவில்லை. எதிரே அவர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார், தயிர்சாதம், ஓரத்தில் நார்த்தங்காய். அதைப் பார்த்துக்கொண்டு எப்படித் தின்பது?

"சார்," என்றாள். "ரெண்டு வார்த்த திட்டிருங்க சார். என்னால உங்க வாயையும் கட்டிப் போட்டுட்டேன்."

தண்டாயுதம் சார் ஷர்மிளாவின் மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முடிக்க எத்தன மாசம் ஆச்சும்மா?"

"முப்பத்தொண்ணு சார்."

"மாசம் எவ்வளவு கட்டுன?"

"ஐயாயிரத்து நூறு."

அவர் மனசுக்குள் என்னவோ போட்டுப் பார்த்தார், உதடு மட்டும் அசைந்தது. எவ்வளவு பெரிய கணக்கையும் காகிதம் இல்லாமல் போடுகிறவர். போட்டு முடித்ததும் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"எனக்கு இன்னும் பதினாலு மாசம் பாக்கி இருக்கும்மா," என்றார்.

வேணிக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் அதோடு சேர்ந்து வந்தது, எதை முதலில் அடக்குவது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொட்டலத்தை ரெண்டு மேசைக்கும் நடுவில் நகர்த்தினாள், சோற்றைச் சரிபாதியாகப் பிரித்தாள், கறியில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க சார், ஆறிரும்."

அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டார். முதல் கவளத்தை அவர் வாயில் வைத்தபோது ஷர்மிளாவின் மேசையில் பேச்சு சட்டென்று நின்றது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவர் ரெண்டாவது கவளத்தை எடுத்தார்.